சூப் குடிக்க பீச் ஸ்டேஷனுக்கு!

"என்னக்கா, ஒரு கிண்ணம் சூப் குடிக்கிறதுக்கா குரோம்பேட்டையிலிருந்து பீச் வரைக்கும் ரயிலேறிப் போறீங்க? வீட்டில குக்கர் இல்லையா, அடுப்புதான் இல்லையா?" என்று போனில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள் என் தங்கை.

அவள் சிரித்ததில் தப்பில்லை. நம் வீடுகளில் சூப்புக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான். குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனால், ஆர்டர் செய்த சாப்பாடு வருகிற வரை பிள்ளைகள் மேஜையைத் தட்டாமல் இருப்பதற்காக வாங்கும் சாமான் அது. அதையும் முழுசாக வாங்க மாட்டோம். "ஒன் பை டூ கொடுங்க" என்று சொல்லி ஒரு கிண்ணத்தை இரண்டாக்கிக் குடிப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன், போன வருஷம் வரைக்கும்.

பிறகு எட்டு மாதம் நல்ல சூப்பைத் தேடி நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வீட்டில் வயதானவர்களையோ சின்னக் குழந்தைகளையோ வைத்துக் கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

அத்தை தட்டைத் தள்ளி வைத்தார்

என் மாமியாருக்கு வயது 74. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். போன வருஷம் மழைக் காலத்தில் டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். காய்ச்சல் போய்விட்டது, போகும்போது அவருடைய பசியையும் கூட எடுத்துக்கொண்டு போய்விட்டது. இட்லியைக் கிள்ளி வைப்பார். சாதத்தை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒதுக்குவார். "போதும்மா, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளிவிடுவார். 48 கிலோ இருந்தவர் மூன்று மாதத்தில் 41 கிலோவுக்கு வந்துவிட்டார். ஜாக்கெட்டையெல்லாம் இரண்டு முறை பிடித்துத் தைத்தேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வயதானவர்கள் காரணமில்லாமல் இளைத்தால், 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. நாங்கள் டாக்டரிடம் அழைத்துப் போனோம். சர்க்கரை, தைராய்டு, ரத்தத்தின் அளவு, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார். கடைசியில் வாயைத் திறக்கச் சொல்லி, பல்செட்டைக் கழற்றிப் பார்த்தார். அத்தை இளைத்ததில் ஈறும் சுருங்கி, பல்செட் தொளதொளத்து, அடியில் புண்ணே வந்திருந்தது! நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவரும் வாய் திறந்து சொல்லவில்லை. பல்செட்டைச் சரி செய்யக் கொடுத்தோம்.

அங்கே இருந்த டயட்டீஷியன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சா மறுபடி அட்மிட் பண்ண வேண்டியிருக்கும். இப்போதைக்கு கடிக்கிற மாதிரி எதுவும் வேண்டாம். சூப் மாதிரி கொடுங்க. அவங்க 'இன்னும் கொஞ்சம்' னு கேட்கிற மாதிரி ஒரு ருசியைக் கண்டுபிடிங்க. அதுதான் முக்கியம்" என்றார்.

வீட்டில் எனக்குத் தெரிந்த சூப்பெல்லாம் செய்தேன். தக்காளி, காரட், கீரை, பருப்புத் தண்ணீர், கோழி... இரண்டு ஸ்பூனுக்கு மேல் போகவில்லை. "வெளியிலதான் வாங்கிப் பார்ப்போமே" என்றார் என் கணவர். தேடல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஓட்டல் சூப்பில் நான் கண்டது

எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டல். தக்காளி சூப் வாங்கினோம். கிண்ணத்தைப் பார்த்தால் குங்குமத்தைக் கரைத்த மாதிரி சிவப்பு. மேலே பொரித்த ரொட்டித் துண்டு நாலு மிதந்தது. ஸ்பூனை விட்டால் கஞ்சிப் பசை மாதிரி எழும்பியது. அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது சுவத்தில போஸ்டர் ஒட்டறதுக்கா?" என்று கேட்டார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் செய்த முதல் கேலி அது. அதற்காகவாவது கொடுத்த காசு தகும் என்று நினைத்துக்கொண்டேன்.

கெட்டிக்குக் காரணம் சோள மாவு. அதில் ஒன்றும் கெடுதலில்லை. ஆனால் தக்காளியைக் குறைத்து மாவைக் கூட்டினால் அது சூப் இல்லை, நிறம் போட்ட கூழ்! நல்ல தக்காளி சூப் ரத்தச் சிவப்பாக இருக்காது. கொஞ்சம் ஆரஞ்சு கலந்த மங்கலான நிறமாக இருக்கும்; கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அடியில் லேசாகத் தக்காளிச் சதை தங்கும். இதை வைத்தே பார்த்துவிடலாம்.

அடுத்து, சைனீஸ் ஓட்டலில் ஸ்வீட் கார்ன் சூப். வழவழவென்று தொண்டையில் இறங்கியது. அத்தையும் அரைக் கிண்ணம் குடித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி முழுக்கத் தாகம், தாகம் என்று தண்ணீர் கேட்டார். அத்தைக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன்தான் அளவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஓட்டல் சூப்பில் உப்பும் சோயா சாஸும் சேர்ந்து ஒரு கிண்ணத்திலேயே அதில் பெரும் பங்கு போய்விடும். இப்போதெல்லாம் நான் எங்கே போனாலும், "உப்பு பாதியாப் போடுங்க, அப்புறமா நாங்க போட்டுக்கறோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல ஓட்டலில் செய்து தருகிறார்கள். 'முடியாதும்மா, மொத்தமாப் போட்டது' என்று சொன்னால், காலையிலேயே கலந்து வைத்த சூப் என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு பழைய மாதிரி ஓட்டலில் மெனுவில் 'மல்லிகடானி' என்று போட்டிருந்தது. என்னவோ சீமைச் சரக்கு என்று நினைத்தேன். பார்த்தால் நம்ம மிளகுத் தண்ணிதான்! வெள்ளைக்காரர்கள் மதராசில் நம் மிளகு ரசத்தைக் குடித்துப் பார்த்து, இறைச்சியும் பருப்பும் தேங்காய்ப் பாலும் சேர்த்து, பேரையும் வாயில் நுழைகிற மாதிரி மாற்றி, இங்கிலாந்து வரை கொண்டு போய்விட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலத்தில் அந்தச் சொல் வந்துவிட்டதாம். நாங்கள் குடித்தது நன்றாகவே இருந்தது. "ஆனா இது ரசம்மா. ரசத்தைச் சோத்தில ஊத்தணும், கிண்ணத்தில என்ன வேலை?" என்று சொல்லிவிட்டார் அத்தை.

இன்னொரு விஷயம் கேளுங்கள். 'ரெஸ்டாரண்ட்' என்ற சொல்லே சூப்பிலிருந்து வந்ததுதான் என்று என் மகன் ஒரு புத்தகத்தில் படித்துச் சொன்னான். பிரான்சு தேசத்தில் அந்தச் சொல்லுக்கு முதலில், உடம்பைத் தேற்றுகிற இறைச்சிச் சாறு என்றுதான் அர்த்தமாம். 1760-களில் பாரீஸில், முழுச் சாப்பாடு சாப்பிடத் தெம்பில்லாதவர்கள் வந்து உட்கார்ந்து அந்தச் சாற்றைக் குடிக்கக் கடைகள் ஏற்பட்டன. சாற்றின் பேரே கடைக்கும் ஆகிவிட்டது. 'அப்படியானால், நாம் ஒன்றும் புதுசாகச் செய்யவில்லை' என்று எனக்கு ஒரு ஆறுதல்!

எலும்பு சூப் சொன்ன பாடம்

"ஆட்டுக்கால் சூப் கொடு, தன்னால எழுந்து உட்காருவாங்க." இதைச் சொல்லாத உறவுக்காரர் இல்லை. சாயங்காலமானால் நம் ஊர்த் தெருமுனைகளில் வண்டி போட்டு, பெரிய குண்டானில் கொதிக்க வைத்து, மிளகுத் தூளும் கொத்தமல்லியும் தூவிக் கொடுக்கிறார்களே, அதுதான். இரண்டு மூன்று இடம் பார்த்து, ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து, தினம் தூக்குச் சட்டியில் வாங்கி வந்தோம். ஓட்டல் சூப்புக்கு இது எவ்வளவோ மேல். அத்தையும் கால் டம்ளர் குடித்தார்.

பத்து நாள் கழித்து எடை பார்த்தால் 40 கிலோ 500! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டயட்டீஷியன் அம்மாவிடம் போய், "தினம் ஆட்டுக்கால் சூப் கொடுக்கிறேனே, எப்படிம்மா குறையும்?" என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

எலும்பை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் மிகக் கொஞ்சம்தான் தண்ணீரில் இறங்குமாம். மிச்சமெல்லாம் எலும்பிலேயே நின்றுவிடும். ஆறினால் சூப் ஜெல்லி மாதிரி உறைகிறதே, அது ஜெலட்டின். அதுவும் புரதம்தான் என்றாலும் முழுமையான புரதம் இல்லை. உடம்புக்குத் தேவையான ஒரு சத்து அதில் கிடையவே கிடையாது. பால், முட்டை, பருப்பு, மீன், இறைச்சி இவற்றின் இடத்தை அது பிடிக்க முடியாது.

"வெறும் சூப்பில வயிறு நிறையும், உடம்பு நிறையாதும்மா. அதில ஏதாவது போட்டுக் கொடுங்க. ஒரு முட்டையை அடிச்சு ஊத்துங்க. வெந்த பருப்பைக் கடைஞ்சு சேருங்க. முள் எடுத்த மீனை உதிர்த்துப் போடுங்க. சூப் வண்டி மாதிரி. வண்டி மட்டும் வந்து என்ன பிரயோஜனம், உள்ளே ஆள் வர வேண்டாமா?" என்றார் அவர். அதை நான் மறக்கவே இல்லை.

இதை இளம் தாய்மார்களும் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்து போர்ஷன் பெண் தன் எட்டு மாதக் குழந்தைக்குத் தினமும் இரண்டு வேளை பருப்புத் தண்ணியும் காரட் வேக வைத்த தண்ணியும்தான் கொடுத்துக் கொண்டிருந்தாள். குழந்தையின் வயிறு அதன் கையளவுதான். அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு எங்கே இடம்? ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு, ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதத்தில், பருப்பையும் காயையும் மசித்தே கொடுக்க வேண்டும். ஒரு வயது வரை அதில் உப்பும் வேண்டியதில்லை. ஓட்டல் சூப்பை அந்தக் குழந்தைகளுக்கு வாயில் வைக்கவே வேண்டாம்.

கொல்லிமலைக் கிழங்கு

இதற்கு நடுவில் ஒரு கல்யாணத்துக்கு நாமக்கல் போயிருந்தோம். "இவ்வளவு தூரம் வந்துட்டு மலை ஏறாமப் போறதா?" என்று உறவுக்காரர்கள் கொல்லிமலைக்கு அழைத்துப் போனார்கள். 70 கொண்டை ஊசி வளைவு! எண்ணிக்கொண்டே போனேன், நாற்பதுக்கு மேல் தலை சுற்றி எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

மேலே அறப்பளீஸ்வரர் கோயில் போகிற வழியில் சின்னச் சின்னக் கடைகள். அங்கே விற்பது முடவாட்டுக்கால் சூப். பேரைக் கேட்டு ஆட்டுக்கால் என்று நினைத்துவிடாதீர்கள். இது சுத்த சைவம். பாறையிலும் மரத்திலும் தொற்றி வளர்கிற ஒரு பெரணிச் செடியின் கிழங்கு. மேலெல்லாம் பழுப்பு ரோமம். பார்த்தால் அசல் ஆட்டுக் கால் மாதிரியே இருக்கும். ரோமத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிழங்கைச் சின்னதாக நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து அரைத்துக் கொதிக்க விடுகிறார்கள். மலைக் குளிருக்கு ஆவி பறக்க ஒரு டம்ளர் குடித்தால், அடடா! ஆட்டுக்கால் சூப்பின் வாசனைகூட லேசாக வந்தது. மலை ஏறிப் போய்க் குடிக்கத் தகுந்த சூப் என்று நான் யாருக்கும் தைரியமாகச் சொல்வேன்.

மூட்டு வலி போகும் என்று மலைக்காரர்கள் சொல்கிறார்கள். நான் அதை மருந்தாக நினைத்து வாங்கவில்லை. ருசிக்காகத்தான் கிழங்கு வாங்கி வந்தேன். வீட்டில் செய்து கொடுத்ததும் அத்தை அரை டம்ளர் குடித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். 'இன்னும் கொஞ்சம்' மட்டும் அவர் வாயில் வரவில்லை.

டிபன் பாக்ஸில் வந்த வாசனை

என் கணவருக்கு வேலை பாரிமுனைப் பக்கம். ஒரு நாள் ஆபீஸ் நண்பர்களோடு செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ சாப்பிடப் போயிருக்கிறார். அத்தோ என்பது பர்மா நூடுல்ஸ். கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, நொறுக்கிய பெஜோ, புளித் தண்ணீர், எலுமிச்சை எல்லாம் சேர்த்துக் கலந்து கொடுப்பார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அந்த சூப்பைக் காலி டிபன் பாக்ஸில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சமையலறையில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். வறுத்த பூண்டும் மிளகும் மஞ்சளும் கலந்த ஒரு வாசனை. முன் அறையில் படுத்திருந்த அத்தை எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா அது?"

"சூப் அத்தை. உங்க பிள்ளை வாங்கிட்டு வந்திருக்கார்."

கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி முகர்ந்து பார்த்தார். குடித்தார். ஸ்பூன் கேட்கவில்லை. கிண்ணத்தை அப்படியே தூக்கிக் குடித்தார். "மீன் போடலை. எலுமிச்சம்புல்லும் இல்லை. ஆனா..." என்று நிறுத்திவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார்.

நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அத்தை ரங்கூனில் பிறந்தவர். இது எங்களுக்குத் தெரியும். ஆனால் பேப்பரில் எழுதியிருப்பது மாதிரித்தான் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அவர் அப்பாவுக்கு மொகல் தெருவில் ஒரு சின்ன ஜவுளிக் கடை. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். அங்கே தலைமுறையாக வாழ்ந்த நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறித் திரும்பினார்கள். 13 வயதில் அத்தையும் அப்படித்தான் மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் பர்மா காலனி என்று இருக்கிறதே, அதெல்லாம் அப்படி வந்தவர்கள் குடியேறிய இடங்கள்தான். துறைமுகத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜாரும் அவர்களுக்காக ஏற்பட்டதுதான். அந்த அத்தோ கடைகளும் அவர்கள் கூடவே வந்தவை.

"பின்ன ஏன் அத்தை நீங்க இத்தனை வருஷத்தில ஒரு நாள்கூட இதைச் செஞ்சு கொடுக்கலை?" என்று கேட்டேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் செய்தாராம். அடுப்படியில் மீன் சாற்றின் வாசனை எழும்பியதும் அவருடைய மாமியார் சட்டியோடு தூக்கிக் கொல்லையில் கொட்டிவிட்டு, "இந்த பர்மாக்காரி சமையலெல்லாம் இந்த வீட்டில ஆகாது" என்று சொல்லிவிட்டாராம். அது 1972. அன்றிலிருந்து அந்தப் பேச்சையே அத்தை எடுக்கவில்லை.

கல்யாணமாகி வந்து இருபத்து மூன்று வருஷமாக அவர் பக்கத்திலேயே நின்று சமைக்கிறேன். சாம்பாருக்கு எத்தனை மிளகாய் என்று கேட்டிருக்கிறேன். 'உங்களுக்கு என்ன பிடிக்கும்?' என்று ஒரு நாள் கேட்டிருப்பேனா? யோசித்துப் பார்த்தால் ஞாபகமில்லை.

பீச் ஸ்டேஷன்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "அந்தக் கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியா ராசா?" என்று பிள்ளையிடம் கேட்டார் அத்தை. மூன்று மாதமாக வாசல்படி தாண்டாதவர்! கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து ரயிலேறினோம். பீச் ஸ்டேஷனில் இறங்கி, சாலையைக் கடந்து, மெதுவாக நடந்து போனோம்.

வரிசையாகத் தள்ளுவண்டிகள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ் குவியல், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பக்கத்தில் கொதிக்கிற சூப் அண்டா. ஒரு வண்டிக்குப் பின்னால் ஸ்டூலில் அத்தை வயதில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அத்தை அவர் எதிரே போய் நின்று, "தமின் சா பீ பீ லா?" என்றார்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஸ்டூலை விட்டு எழுந்து, "வாங்க, வாங்க, எந்த ஊர்ல இருந்தீங்க?" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். 'சாப்பிட்டாச்சா?' என்பதுதான் பர்மியர்கள் குசலம் விசாரிக்கிற முறையாம். மூன்று மாதமாக நாங்கள் அத்தையைக் கேட்டுக் கேட்டு அலுத்த அதே கேள்வி!

அன்று அத்தைக்குக் கிடைத்தது மொஹிங்கா. பர்மாவில் காலைச் சாப்பாடே இதுதான். மீன் வேக வைத்த சாற்றில் வாழைத்தண்டு, பூண்டு, இஞ்சி, எலுமிச்சம்புல், மஞ்சள் சேர்த்து, கடலை மாவு கரைத்து விட்டு, அரிசி சேவையின் மேல் ஊற்றிக் கொடுப்பது. எல்லா வண்டியிலும் அது கிடைப்பதில்லை. அந்த அம்மாதான் பக்கத்து வண்டியிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். ரங்கூனில் விடியற்காலையில், தோளில் காவடி மாதிரிக் கம்பு, அதில் ஒரு பக்கம் சூப் பானை, இன்னொரு பக்கம் சேவையும் கிண்ணங்களுமாக விற்றுக்கொண்டு வருவார்களாம். தன் அப்பா கடை திறக்கும்முன் படியில் உட்கார்ந்து குடிப்பாராம். இவர் பங்கு கேட்பாராம். சேவையும் மீனுமாக முழுக் கிண்ணத்தையும் அத்தை காலி செய்தார். இவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். காரம் என்றார்.

வீட்டிலேயே செய்ய

தினமும் பீச்சுக்குப் போக முடியுமா? அத்தையே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஐந்து பேருக்கு அளவு இது.

வாழைத்தண்டு ஒரு சாண், கடலை மாவு மூன்று மேஜைக் கரண்டி, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு பத்துப் பல், இஞ்சி ஒரு அங்குலம், மஞ்சள் தூள் கால் டீஸ்பூன், மிளகுத் தூள் அரை டீஸ்பூன், கிடைத்தால் எலுமிச்சம்புல் ஒரு தண்டு, எண்ணெய் இரண்டு மேஜைக் கரண்டி, எலுமிச்சம்பழம் அரை மூடி, உப்பு, கொத்தமல்லி.

வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, பொடியாக்கி மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. கடலை மாவை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். நாலு பல் பூண்டை மெல்லியதாகச் சீவி எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தனியே வையுங்கள். மிச்சப் பூண்டு, இஞ்சி, வெங்காயத்தை நசுக்கி அதே எண்ணெயில் மஞ்சளோடு வதக்கி, தண்டைப் பிழிந்து போட்டு, ஐந்து டம்ளர் தண்ணீர் விட்டு, எலுமிச்சம்புல்லையும் நசுக்கிப் போட்டு இருபது நிமிஷம் வேக விடுங்கள். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிளறிப் பத்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். உப்பு, மிளகு சேருங்கள். இறக்கிய பிறகுதான் எலுமிச்சை பிழிய வேண்டும். குடிக்கும்போது வறுத்த பூண்டும் கொத்தமல்லியும் தூவுங்கள்.

வண்டியில் ஆள் ஏற வேண்டும் அல்லவா? நான் ஒரு நாள் அவித்த முட்டை, ஒரு நாள் வேக வைத்து முள் எடுத்த மீன் போடுகிறேன். சைவக்காரர்கள் பாசிப்பருப்பைக் குழைய வேக வைத்து ஒரு கிண்ணம் சேர்க்கலாம். அரிசி சேவை கொஞ்சம் போட்டால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு.

சூப்புக்காகப் போகுமுன்...

என் அலைச்சலில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

அண்டா அடுப்பின் மேலேயே இருக்கிறதா, உள்ளே கொதிக்கிறதா என்று பாருங்கள். வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நிற்கும் சூப்பில்தான் கிருமி பெருகும்.

டம்ளரை எதில் கழுவுகிறார்கள் என்று பாருங்கள். ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் திரும்பிவிடுங்கள். அத்தோவைக் கையால் பிசைகிற இடத்தில், "கரண்டியால கலந்து கொடுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வீட்டிலிருந்தே தூக்குச் சட்டி எடுத்துப் போங்கள். கொதிக்கிற சூப்பை பிளாஸ்டிக் பையில் வாங்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடையும் இருக்கிறது.

ஆவி பறக்கக் குடிப்பதுதான் ருசி என்றாலும், 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பழக்கம் உணவுக் குழாயில் புற்றுநோய் வரக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016-ல் சொல்லியிருக்கிறது. ஊதி ஆற்றிக் குடியுங்கள்.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் கேட்டு வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், காய்கறி, கீரை சூப்பானாலும், டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். காயிலுள்ள பொட்டாசியம் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும்.

அத்தை இப்போது 44 கிலோ. சூப் மட்டும் செய்த வேலை என்று சொல்ல மாட்டேன். பல்செட் சரியானது, முட்டையும் மீனும் தயிரும் சேர்ந்தது எல்லாம்தான் காரணம். ஆனால் முதல் வாய் இறங்கியது அந்த டிபன் பாக்ஸ் சூப்பில்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பீச் ஸ்டேஷன் எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அத்தைக்கு முழுக் கிண்ணம். எனக்கும் இவருக்கும் இன்னும் ஒன் பை டூதான்! போன வாரம் என் தங்கை போன் செய்து, "அக்கா, அடுத்த தடவை போகும்போது என் மாமியாரையும் அழைச்சிட்டு வரட்டுமா? அவங்களும் சரியாச் சாப்பிட மாட்டேங்கறாங்க" என்றாள்.

"அழைச்சிட்டு வா. அதுக்கு முன்னாடி அவங்க சின்ன வயசில எந்த ஊர்ல என்ன சாப்பிட்டாங்கன்னு கேளு. ஒருவேளை நாம போக வேண்டிய கடை வேற எங்கேயாவது இருக்கும்" என்றேன்.